ஹெவ்மோன்ஸ்கியின் குதிரைகளும் வெறுங்கால்களும்

போலந்தின் கிராக்கோ நகரில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மழை விடுவதாக இல்லை. சந்தைச் சதுக்கத்துப் பழைய ஜவுளி மண்டபத்தின் மாடியில் ஓவியக்கூடம் இருக்கிறதே என்று ஒதுங்கினேன். ஓர் அறைக்குள் நுழைந்தவுடன் கால் தானாகப் பின்வாங்கியது. நான்கு குதிரைகள் நேராக என் மேல் ஓடி வந்தன. 1881-ல் வரைந்த 'நான்கு குதிரை வண்டி'. அகலம் மட்டுமே ஆறரை மீட்டருக்கு மேல். கிட்டே போனால் குளம்பு ஏது, சேறு ஏது, எல்லாம் வெறும் தூரிகை இழுப்பு. நான்கடி தள்ளி வந்தால் மறுபடியும் பாய்ச்சல்.

பெயர்ப்பலகையைப் பார்த்து 'செல்மோன்ஸ்கி' என்று முணுமுணுத்தேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மாள் "ஹெவ்மோன்ஸ்கி" என்று திருத்தினார். போலந்து ஓவியர் யோசெஃப் ஹெவ்மோன்ஸ்கி, 1849–1914. உக்ரைன் புல்வெளியின் சேற்றுச் சாலையைப் பாரிஸில் இருந்துகொண்டு வரைந்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். அங்கே அவருடைய குதிரைகளுக்கு அவ்வளவு கிராக்கி.

* * *

மேலே எழுதியவர் குதிரையோடு நின்றுவிட்டார். வார்சா தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். 1887-ல் ஊர் திரும்பிய மனிதர், இரண்டு ஆண்டுகளில் குக்லுஃப்கா என்ற கிராமத்தில் குடியேறிவிட்டார். பிறகு வரைந்தவைதான் எனக்கு நெருக்கம். 1891-ன் 'கவுதாரிகள்' முன்னால் வெகுநேரம் நின்றேன். பனிவெளியில் ஒண்டி ஒடுங்கிய ஒரு பறவைக் கூட்டம், அவ்வளவுதான். தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆறரை மீட்டர் குதிரையை இந்தச் சாம்பல் குருவிகளுக்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, கால்கள். 1875-ல் வரைந்த படத்தில் ஒரு கிராமத்துப் பெண் வயல்வெளியில் மல்லாந்து படுத்துச் சிலந்தி இழையோடு விளையாடுகிறாள். பாதம் முழுக்க அழுக்கு. வார்சா விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவரும் அந்த ஆண்டே பாரிஸுக்குப் போய்விட்டார். அதே அருங்காட்சியகத்தில் 1900-ன் 'நாரைகள்' இருக்கிறது. உழுத களைப்பில் தரையில் உட்கார்ந்திருக்கும் அப்பன், சோறு கொண்டுவந்த மகன், பின்னால் ஏர்மாடுகள். செங்கால் நாரைகள் வருவதைக் கண்டு இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சாப்பாடு அப்படியே நிற்கிறது. நான் குனிந்து பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டு கழித்தும் அந்த ஓவியர் யாருக்கும் செருப்பு மாட்டிவிடவில்லை.