தேநீர்க்கடையில் ஒரு பிணம்: அண்மைக்காலக் காதல், மாய, மர்ம நாவல்களைப் பற்றி ஒரு கேள்வி

அட்டன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். அட்டனுக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். உயர்தர வகுப்பு மாணவியர் சிலரும் மூன்று ஆசிரியைகளும் சேர்ந்து மாதத்துக்கு ஓர் ஆங்கில நாவல் வாசிக்கிறோம். இதுவரை பாடத்திட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தோம். இந்த ஆண்டு, பிள்ளைகள் தங்களுக்குள் ஓயாது பேசிக்கொள்ளும் காதல், மாயப்புனைவு, கோஸி மிஸ்டரி ஆகிய வகைகளிலிருந்து தெரிவு செய்யலாம் என்று முடிவாயிற்று. ஆகவே, மழை விடாத ஆடி மாதத்து மாலைகளில் நான் முன்கூட்டியே சிலவற்றை வாசித்து வைத்தேன். அந்த வாசிப்பில் எழுந்த ஓர் உறுத்தலையும் ஒரு கேள்வியையும் இங்கே வைக்கிறேன்.

மூன்று வகைகளில் என்னிடம் மிக நெருங்கி வந்தது கோஸி மிஸ்டரிதான். கொலை நடக்கும், இரத்தம் தெறிக்காது. துப்பறிபவர் பொலிஸ்காரர் அல்லர், பக்கத்து வீட்டுப் பாட்டியோ கேக் கடைக்காரியோதான். ஊர் சிறியது, ஒருவர் வீட்டில் என்ன குழம்பு என்பது அடுத்தவருக்குத் தெரியும். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் 1930இல் தமது முதல் நாவலில் தோன்றியபோதே இந்த அச்சு வார்க்கப்பட்டுவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், இடையில் ஒற்றைச் சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கசாயம் கொதிக்கும்.

உறுத்தல் தேநீரைப் பற்றியது. இவ்வகை நாவல்களில் தேநீர் இல்லாத அத்தியாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லோரா சைல்ட்ஸ் 2001இல் 'டெத் பை டார்ஜிலிங்' நாவலுடன் தொடங்கிய தொடர், அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் நகரத்துத் தேநீர்க்கடை ஒன்றைச் சுற்றியே நடக்கிறது. கடைக்காரி தியோடோசியா துப்பறிகிறாள்; தேயிலைக் கலவையில் தேர்ந்த ட்ரேட்டன் அருகில் நிற்கிறார்; புத்தகத்தின் இறுதியில் பலகாரச் செய்முறைகளும் உண்டு. நான் வாசித்த பாகத்தில் தேயிலை வகைகளின் பெயர்கள் மந்திரம்போல் உச்சரிக்கப்பட்டனவே தவிர, அந்த இலையைக் கிள்ளிய விரல் ஒன்றை நான் காணவில்லை. என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். ஓய்வுபெற்று எட்டு ஆண்டுகளாகியும் அவருடைய சுட்டுவிரலின் உட்புறத்தில் கறை படிந்து வெடித்த கோடு மறையவில்லை. சோறு பிசையும்போது இன்னமும் எரிகிறது என்பார். அந்த விரலை எதிரே வைத்துக்கொண்டு, கோப்பையிலிருந்து எழும் ஆவியைப் பற்றிய வர்ணனையில் மனம் ஒன்றுவது எனக்குக் கடினமாக இருந்தது.

ஆனால் ஜெசி சுடான்டோ 2023இல் எழுதிய வேரா வோங் நாவலை நான் கீழே வைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் தேநீர்க்கடை நடத்தும் அறுபது வயதுப் பெண்மணி, ஒருநாள் காலையில் கடைக்குள் ஒரு பிணத்தைக் காண்கிறார். பொலிஸார் இதை ஒழுங்காக விசாரிக்கப் போவதில்லை என்று தாமே முடிவுகட்டி, இறந்தவனின் கையிலிருந்த நினைவகக் கருவியை அவர்கள் வருமுன் எடுத்து வைத்துக்கொள்கிறார். பிறகு சந்தேக நபர்கள் ஒவ்வொருவருக்கும் வயிறு நிறையச் சமைத்துப் போட்டபடியே விசாரணை நடத்துகிறார். இவரிடமும் தேயிலை உண்டு. ஆனால் அது அவருடைய அறிவு. முகத்தைப் பார்த்து, இவருக்கு எந்த இலை, அதனுடன் என்ன மூலிகை என்று தீர்மானிக்கும் இடங்கள், கைவைத்தியம் தெரிந்த நம் பாட்டிமாரை நினைவூட்டின.

இதிலிருந்துதான் எனக்கு ஓர் அளவுகோல் உண்டாயிற்று. இலகு வாசிப்புக்கென எழுதப்படும் நாவலில் பாத்திரங்கள் செய்யும் வேலை மெய்யாக இருந்தால் கதை நிற்கிறது. வேலை வெறும் திரைச்சீலையாகத் தொங்கினால் சரிந்துவிடுகிறது. ட்ரவிஸ் பால்ட்ரீயின் 'லெஜன்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022) எனக்குப் பிடித்ததும் இதனால்தான். போர்த்தொழிலில் களைத்த விவ் என்னும், மாயக்கதைகளில் வரும் முரட்டு ஓர்க் இனத்தைச் சேர்ந்த பெண், வாளைச் சுவரில் மாட்டிவிட்டு, கோப்பியே அறியாத ஒரு நகரத்தில் பழைய குதிரைலாயம் ஒன்றை வாங்கிக் கோப்பிக்கடை ஆக்குகிறாள். கூரை பழுதுபார்க்கப்படுகிறது, மேசை செய்யப்படுகிறது, கறுவா பனிஸ் சுடப்படுகிறது. உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கும் இல்லை. எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' (2022) நாவலில் இலக்கிய முகவர் ஒருத்தியும் பதிப்பாசிரியர் ஒருவரும் ஒரு பிரதியைச் சேர்ந்து செம்மைப்படுத்தும் வேளையில்தான் காதல் நம்பும்படியாக வளர்கிறது. டிராகன் மீது ஏறிப் போரிடுபவர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்றில் நடக்கும் ரெபேக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) என்னைக் களைப்படையச் செய்தது. அத்தியாயத்துக்கு ஒரு சாவு, அடுத்த பக்கத்தில் ஒரு பெருமூச்சு. அந்தப் போர்க்கல்லூரியில் ஒரு சாதாரண நாள் எப்படிக் கழியும் என்பதை உணரவே முடியவில்லை.

என் அளவுகோல் நியாயமானதா? எங்கள் வட்டத்துக்கு முதலில் எதை எடுக்கலாம்?

பண்டாரவளை டீமேக்கர்:

டீச்சருக்கு வணக்கம். நீங்கள் வாழ்க்கையில் பார்த்ததை நாவலில் தேடுகிறீர்கள். நான் வாழ்க்கையில் பார்த்தது போதும் என்றுதான் நாவலை எடுக்கிறேன். தொழிற்சாலையில் கொழுந்து இரவு முழுவதும் வாட்டுத் தொட்டியில் காற்றாடிக் கிடக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போய், ஒரு பிடி இலையை அள்ளி நெரித்துப் பார்ப்பேன். பிடியை விட்டதும் உதிராமல் பந்தாகத் திரண்டு நின்றால்தான் உருட்டு இயந்திரத்துக்கு அனுப்புவேன். தவறினால் அன்றைய தூள் முழுவதும் என் தலையில். இந்த வேலையை விட்டு வந்து படுக்கும்போது, புத்தகத்திலும் எவராவது வேலை செய்துகொண்டிருந்தால் எனக்கு உறக்கம்தான் கெடும். சார்ள்ஸ்டன் கடைக்காரி எங்கள் தூளைப் பார்த்து முகம் மலர்கிறாள் என்றால், எவராவது மலர்கிறார்களே என்று மகிழ்ந்துவிட்டுப் போகிறேன்.

இன்னொன்றையும் மரியாதையுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தேநீர்க்கடை நாவலில் கொழுந்தெடுத்த விரலைத் தேடிய நீங்கள், அந்த ஓர்க் பெண்ணின் கடைக்குக் கோப்பிக்கொட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லையே? தொலைவில் உள்ள வேறோர் ஊரிலிருந்து சாக்கில் வந்து இறங்குகிறது, அவ்வளவுதான். கோப்பியைப் பறித்தவரும் அங்கே இல்லை. நம் முன்னோரைக் கடல் கடந்து இந்த மலைக்கு முதலில் கொண்டுவந்தது கோப்பிதான் என்பதையும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்த பிறகே மலைகள் பெருமளவில் தேயிலைக்கு மாறின என்பதையும் நீங்களே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்.

வட்டத்துக்கு என் தெரிவு, ரிச்சர்ட் ஒஸ்மனின் 'தேர்ஸ்டே மேர்டர் கிளப்' (2020). இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், முதியோர் குடியிருப்பு ஒன்றில் வாழும் நால்வர் வியாழக்கிழமை தோறும் கூடித் தீராத கொலை வழக்குகளை ஆராய்கிறார்கள். அவர்களில் ரொன் என்பவர் பழைய தொழிற்சங்கத் தலைவர். மேலிடம் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சூழ்ச்சி இருக்கும் என்று நம்புபவர். சங்கத் தலைவர்களுக்குப் பஞ்சமே இல்லாத நம் மலையகத்தில் அவரை அறிமுகம் செய்யவே தேவையில்லை. 2025இல் வந்த திரைப்படத்தில் அவராகப் பியர்ஸ் புரொஸ்னன் நடித்தார். என் மனத்திலிருந்த ரொன்னுக்கு அவ்வளவு அழகு பொருந்தவில்லை. மருத்துவத் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஜொய்ஸின் நாட்குறிப்புப் பகுதிகள் எளிய ஆங்கிலத்தில் இருப்பதால் பிள்ளைகளுக்கும் உதவும்.

தலவாக்கலை மாணவி, தற்போது பேராதனையில்:

அக்காவுக்கு வணக்கம். 'ஃபோர்த் விங்' பற்றி நீங்கள் எழுதியதில் பாதியை ஏற்கிறேன். நடை பதறிக்கொண்டு ஓடுகிறது. முதற் பாகம் 2023 மே மாதத்திலும் இரண்டாம் பாகமான 'அயர்ன் ஃபிளேம்' அதே ஆண்டு நவம்பரிலும் வந்தன என்பதை அறிந்தால், அந்த ஓட்டம் கதையில் மட்டும் இல்லை என்பது புரியும். 2025 ஜனவரியில் மூன்றாம் பாகம் வெளியானபோது நான் முதல் நூறு பக்கங்களில் பெயர்களை மறந்து, முந்தைய பாகத்தைத் திரும்பப் புரட்டினேன்.

ஆனால் நீங்கள் தேடிய மெய்யான உழைப்பு அதில் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பேன். கதாநாயகி வயலட்டின் மூட்டுகள் இலகுவில் விலகிவிடும், எலும்பு இலகுவில் முறியும். நாவலாசிரியைக்கும் மூட்டுகளைப் பாதிக்கும் அத்தகைய ஒரு பிறவி நோய் உண்டு. எனக்கும் தோள்மூட்டு விலகும் வழக்கம் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. பஸ்ஸில் மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. நின்றால், தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் கை என்னுடையதாக இருக்காது. வயலட் காலையில் எழுந்து முழங்காலுக்குக் கட்டுப் போடுவதை வாசித்தபோது, இதை எழுதியவருக்குத் தெரியும் என்று உடனே உணர்ந்தேன். டிராகனின் முதுகில் அவளால் மற்றவர்களைப் போல் பிடித்துக்கொண்டு இருக்க முடியாது என்பதால் அவளுக்கென்று ஒரு சேணம் செய்யப்படுகிறது. காதல் காட்சிகள் எல்லாவற்றையும் விட அந்தச் சேணம்தான் எனக்குக் காதலாகத் தெரிந்தது.

ஓர் எச்சரிக்கை: படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையானவை. பாடசாலை வட்டத்தில் வைத்தால் அதிபரின் அறைக்கு நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

பதுளை, ஓய்வுபெற்ற தபாலதிபர்:

தங்கைமாருக்கும் தம்பிக்கும் வணக்கம். இந்தியாவிலிருந்து வந்த மாத நாவல்களை வாடகைக்கு எடுத்து வாசித்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். ரமணிசந்திரனின் கதாநாயகன் முதலில் கடுகடுப்பான், பிறகு கனிவான் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்திருந்தும் கடைசிப் பக்கம் வரை வாசிப்போம். ஆகையால் காதல் நாவலின் முடிவு முன்கூட்டியே தெரிவதை நான் குறையாகக் கொள்வதில்லை; எந்த வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

அந்த வழியில்தான் எமிலி ஹென்றியின் 'ஹெப்பி பிளேஸ்' (2023) என்னைக் கோபப்படுத்தியது. முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லவும். அதன் நாயகி ஹரியட் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் டொக்டர். இறுதியில் அவள் அதை விட்டுவிட்டு, காதலனின் ஊரான மொன்டானாவுக்குப் போய் மட்பாண்டம் வனைகிறாள். பெற்றோருக்காகவே அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று ஆசிரியை காரணம் காட்டுவது விளங்கத்தான் செய்கிறது. இருந்தாலும், ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை மருத்துவபீடத்துக்குப் போவதற்கு அந்த வீட்டார் எத்தனை நகையை அடகு வைக்கிறார்கள் என்பதைத் தபாலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காசுக்கட்டளைகளாகப் பார்த்தவள் நான். புத்தகத்தை மூடிவிட்டு அன்று முழுவதும் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பேத்திக்கு முடிவு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கோஸி மிஸ்டரி நம் தோட்டத்திலேயே நடக்கலாமே என்பது என் நெடுநாள் ஆசை. துப்பறிவதற்கு, தாய்மார் மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயாவை விடப் பொருத்தமானவர் எவரும் இல்லை. எந்தக் குழந்தை எந்தத் துணியைக் கட்டி வந்தது, எந்தத் தாய் எத்தனை மணிக்கு வந்தாள், யார் யாருடன் பேச்சு முறித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கும். வழக்குக்கும் குறைவில்லை: மலையில் நிறைந்திருந்த கூடை, கொழுந்து மடுவத்துத் தராசில் ஏறியதும் ஈரத்துக்கு இத்தனை, கூடைக்கு இத்தனை என்று மெலிந்துபோகும் மர்மத்தை இதுவரை எந்தத் துப்பறிவாளரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அட்டன் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. கோப்பிக்கொட்டை விடயத்தில் டீமேக்கர் அண்ணா என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். என்னிடம் பதில் இல்லை. விரல் என் அம்மாவுடையது என்பதால் தேயிலையில் மட்டும் கண் போயிருக்கிறது. சேணத்தை நான் வேகமாகப் புரட்டித் தாண்டிவிட்டேன் என்பதும் வெட்கத்துடன் நினைவுக்கு வருகிறது. அந்தப் பகுதியை மறுபடி வாசிப்பேன், வகுப்புக்கு மட்டும் கொண்டுபோக மாட்டேன்.

முதல் மாதம் 'தேர்ஸ்டே மேர்டர் கிளப்', அடுத்த மாதம் வேரா வோங் என்று வைத்திருக்கிறோம். முதலாவதில் எங்களிடம் ஒரே பிரதிதான் உள்ளது. அட்டன், கொட்டகலைப் பக்கத்தில் எவரிடமாவது இன்னொன்று இருந்தால் ஒரு மாதத்துக்குத் தந்துதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தபாலதிபர் அக்காவின் ஆயா துப்பறிவாளரை இன்று பிள்ளைகளிடம் சொல்லி, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, "டீச்சர், யாராவது சாகத்தான் வேண்டுமா, கிலோ காணாமற் போனால் போதாதா?" என்று கேட்டாள். போதும் என்று சொல்லியிருக்கிறேன்.