என்ஜின்எக்ஸ் டோக்கன் செக்: கெட் ஓடுது, போஸ்ட் மட்டும் ஒரு நிமிஷம் தொங்கிட்டு 500 அடிக்குது

கேட்டவர்:

வணக்கம் மக்களே, ரெண்டு நாளா இதுலயே உக்காந்துட்டு இருக்கேன், தெரிஞ்சவங்க பாத்து சொல்லுங்க. நாங்க ஒரு டெலிவரி ஆப் வெச்சிருக்கோம், பசங்க போன்லேந்து ஆர்டர் நிலவரத்த அப்டேட் பண்ணுவாங்க. இதுவரைக்கும் டோக்கன் (லாகின் பண்ணவர் யாருன்னு காட்டுற சீட்டு) செக் பண்றத ஒவ்வொரு சர்வீஸும் தனித்தனியா பண்ணிட்டு இருந்துச்சு, இனிமே எல்லா ரிக்வெஸ்ட்டையும் வாங்கி உள்ள அனுப்புற என்ஜின்எக்ஸ் வெப் சர்வர்லயே ஒரே இடத்துல நிறுத்திடலாம்னு ஆத் ரிக்வெஸ்ட் மாட்யூல (உள்ள விடுறதுக்கு முன்னாடி இன்னொரு சர்வீஸ்கிட்ட கேட்டுப் பாக்குறது) போட்டேன். டோக்கன பாக்குறதுக்கு நோட் எக்ஸ்பிரஸ்ல ஒரு குட்டி சர்வீஸ் 9000 போர்ட்ல ஓடுது, டோக்கன் நல்லா இருந்தா 200 (ஓகே), இல்லன்னா 401 (அனுமதி இல்ல). நிஜ ஏபிஐ 8080ல இருக்கு.

கெட் ரிக்வெஸ்ட் (தகவல் கேக்குறது) எல்லாம் அருமையா போகுது, டோக்கன் இல்லாம போனா 401 டக்குனு வருது. போஸ்ட் (தகவல் அனுப்புறது) பண்ணா மட்டும் அப்படியே நிக்குது, சரியா ஒரு நிமிஷம் கழிச்சு 500 (சர்வர் எரர்). 8080க்கு ரிக்வெஸ்ட் போகவே இல்ல, அந்த லாக் காலியா இருக்கு. என்ஜின்எக்ஸ் எரர் லாக்ல "ஆத் ரிக்வெஸ்ட் அன்எக்ஸ்பெக்டட் ஸ்டேட்டஸ் 504"ன்னு ஒரு வரி (504ன்னா பதில் வராமலே நேரம் முடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம்). அதே டோக்கன், அதே போன், கெட்டுக்கு ஓகே போஸ்ட்டுக்கு இல்ல, இது எப்படின்னே புரியல.

(போன்ல டைப் பண்றேன், டைரக்டிவ் (கான்ஃபிக் கட்டளை) பேரெல்லாம் தமிழ்லயே எழுதிட்டேன், நடுவுல அண்டர்ஸ்கோர் இருக்கிறதா எடுத்துக்கோங்க.)

பதில் 1:

ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் டிஃபால்ட்டா 60 செகண்ட் தான் ப்ரோ, அதான் ஒரு நிமிஷத்துல அறுந்துடுது. அத 300 ஆக்கிப் பாருங்க, உங்க ஆத் சர்வீஸ் ஸ்லோவா இருக்கலாம்.

கேட்டவர்:

போட்டுப் பாத்துட்டேன் ப்ரோ, இப்ப அஞ்சு நிமிஷம் தொங்கிட்டு அப்புறம் 500 வருது. ஸ்லோ இல்ல, கெட்டுக்கு அதே சர்வீஸ் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள பதில் சொல்லுது.

பதில் 2:

டைம்அவுட்ட பழையபடி 60க்கே கொண்டு வாங்க, இன்னும் கம்மியா வெச்சாலும் நல்லது, டோக்கன் செக்குக்கு 5 செகண்டே அதிகம்.

ஒண்ணு கேக்குறேன், உங்க எக்ஸ்பிரஸ் சர்வீஸ்ல மேலயே ஜேசன் பாடி பார்சர் (ரிக்வெஸ்ட்டோட உள்ளடக்கத்த, அதாவது பாடிய, படிக்கிறது) போட்டிருக்கீங்களா? அப்புறம் அந்த டைம்அவுட் ஆகுற நேரத்துல அதோட லாக்ல "ரிக்வெஸ்ட் அபார்ட்டட்"னு எதாவது வருதா?

கேட்டவர்:

ஆமாண்ணே ரெண்டும் ஆமா!! பார்சர் பழக்கத்துல போட்டது, எல்லா ப்ராஜெக்ட்லயும் முதல் வரி அதுதான். அபார்ட்டட்னு வர்றத நான் ஆப் கட் பண்ணதுனாலன்னு நெனச்சேன்.

பதில் 2:

அப்ப அதேதான். நானும் இதுல ஒரு ராத்திரி முழுக்க போயிருக்கேன், அதனால விவரமாவே எழுதுறேன்.

ஆத் ரிக்வெஸ்ட் போட்டா என்ஜின்எக்ஸ் உங்க ஒரிஜினல் ரிக்வெஸ்ட்ட அப்படியே ஆத் சர்வீஸுக்கு அனுப்புறதில்ல, உள்ளுக்குள்ளயே புதுசா ஒரு சப்ரிக்வெஸ்ட் உருவாக்கி அனுப்புது. ஹெடர் எல்லாம் ஒரிஜினல்லேந்து காப்பி ஆகும், ஆனா பாடி போகாது, அது வெறும் காலி. இப்ப போஸ்ட்ல பாடி எவ்ளோ நீளம்னு சொல்ற கன்டென்ட் லெங்த் ஹெடர் இருக்கும்ல, உதாரணத்துக்கு 45 பைட்னு, அந்த ஹெடரும் சேந்து போயிடுது. கேட்ல செக்யூரிட்டிகிட்ட ஐடி கார்டையும் காட்டி, கூடவே "பின்னாடி ஒரு பார்சல் வருது"ன்னு சீட்டையும் குடுத்தா அவர் பார்சல் வரட்டும்னு நிப்பாருல்ல, உங்க பாடி பார்சர் பண்றது அதான், வராத 45 பைட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கு. 60 செகண்ட்ல என்ஜின்எக்ஸ் பொறுமை போயி கனெக்ஷன மூடுது, அதுதான் அந்தப் பக்கம் அபார்ட்டட், இந்தப் பக்கம் 504. ஆத் சர்வீஸ்கிட்டேந்து 2ல ஆரம்பிக்கிற கோட் வந்தா உள்ள விடும், 401 இல்ல 403 வந்தா அதையே க்ளையன்ட்டுக்குக் குடுக்கும், வேற எது வந்தாலும் எரர்தான், அதனாலதான் உங்க ஆப்புக்கு 500ஆ தெரியுது. கெட்ல பாடியும் இல்ல லெங்த்தும் இல்ல, அதனால அது ஜம்முனு போகுது.

செய்ய வேண்டியது, அந்த ஆத் லொகேஷனுக்குள்ள (கான்ஃபிக்ல அந்த முகவரிக்குன்னு இருக்கிற பிளாக்) ப்ராக்ஸி பாஸ் ரிக்வெஸ்ட் பாடி ஆஃப்னு ஒரு வரி, ப்ராக்ஸி செட் ஹெடர் கன்டென்ட் லெங்த்னு போட்டு மதிப்பா வெறும் ரெட்டை மேற்கோள் ஒரு வரி. ரெண்டையும் போடுங்க, முதல் வரிய மட்டும் போட்டா லெங்த் ஹெடர் போயிட்டேதான் இருக்கும். அங்கயே இன்டர்னல்னும் போட்டுடுங்க, அப்பதான் வெளியிலேந்து நேரா அந்த முகவரிய யாரும் தட்ட முடியாது, தட்டினா 404. எக்ஸ்பிரஸ்லயும் பார்சர எடுத்துடுங்க, அங்க அதுக்கு வேலையே இல்ல.

இன்னொண்ணு பலபேருக்குத் தெரியாது, அந்த சப்ரிக்வெஸ்ட் எப்பவும் கெட்டாதான் போகும், ஒரிஜினல் போஸ்ட்டா டிலீட்டான்னு ஆத் சர்வீஸுக்குத் தெரியாது. பாக்க மட்டும் அனுமதி, மாத்த அனுமதி இல்லன்னு நீங்க பிரிச்சு வெச்சிருந்தா ரிக்வெஸ்ட் மெத்தட், ரிக்வெஸ்ட் யூஆர்ஐ ரெண்டு வேரியபிளையும் தனி ஹெடர்ல நீங்களே ஏத்தி அனுப்பணும். சப்ரிக்வெஸ்ட்டுக்குள்ள இருந்தாலும் அந்த வேரியபிள்கள் ஒரிஜினலோட மதிப்பைத்தான் காட்டும்.

கேட்டவர்:

அண்ணே ஓடிடுச்சு!! ரெண்டு வரிதான், ரெண்டு நாள் போச்சு. ரொம்ப நன்றி. மெத்தட் விஷயமும் எங்களுக்கு வேணும்தான், டெலிவரி பசங்களுக்கு டிலீட் அனுமதி கிடையாது.

கூடவே ஒரு டவுட், டோக்கன்ல இருக்கிற யூசர் ஐடிய 8080க்கு எப்படிக் கொண்டுபோறது? அங்க மறுபடி டோக்கன திறக்க வேணாம்னுதான் இவ்ளோவும் பண்ணேன்.

பதில் 3:

இந்த இடம் கவனம் நண்பா, செக்யூரிட்டில ஓட்டை விழறது பெரும்பாலும் இங்கதான். ஆத் சர்வீஸ் 200 சொல்லும்போது ரெஸ்பான்ஸ் ஹெடர்ல எக்ஸ் யூசர் ஐடின்னு போட்டு அனுப்பட்டும். இந்தப் பக்கம் ஆத் ரிக்வெஸ்ட் செட் வெச்சு அத ஒரு வேரியபிள்ல பிடிச்சு, 8080க்குப் போற லொகேஷன்ல ப்ராக்ஸி செட் ஹெடரா வெச்சுடுங்க. அப்படி வெச்சா க்ளையன்ட்டே பொய்யா ஒரு யூசர் ஐடி ஹெடர் போட்டு அனுப்பினாலும் உங்களுது அத அழிச்சுட்டு மேல உக்காரும். இத ஒரு லொகேஷன்ல மறந்தாலும் அந்த வழியா யார் வேணா யாரா வேணா வரலாம். 8080 சர்வீஸும் 127.0.0.1ல (அதே மெஷினுக்குள்ள) மட்டும் கேக்குதான்னு பாருங்க, வெளியிலேந்து நேரா அந்த போர்ட்டுக்கு வர முடிஞ்சா முன்னாடி என்ன காவல் போட்டும் பிரயோஜனம் இல்ல.

ப்ராக்ஸி செட் ஹெடர்ல ஒரு சிக்கல் இருக்கு, சர்வர் பிளாக்ல நாலு ஹெடர் போட்டு வெச்சிருப்பீங்க, ஹோஸ்ட், ரியல் ஐபி அது இதுன்னு. ஒரு லொகேஷனுக்குள்ள புதுசா ஒரே ஒண்ணு போட்டாக்கூட மேல இருக்கிற நாலும் அந்த லொகேஷனுக்கு வராது, மொத்தமா விட்டுடும். அதனால எல்லாத்தையும் அங்க திரும்ப எழுதுங்க, இல்ல ஒரு தனி ஃபைல்ல வெச்சு இன்க்ளூட் பண்ணுங்க.

அப்புறம் ஆத் சர்வீஸ்ல டோக்கன திறக்க எந்த ஃபங்ஷன் கூப்பிடறீங்க, டீகோடா வெரிஃபையா?

கேட்டவர்:

டீகோட் சார். காலாவதி நேரத்த அதுலேந்து எடுத்து நானே ஒப்பிட்டுப் பாக்குறேன்.

பதில் 3:

அத இன்னைக்கே மாத்துங்க, ப்ளீஸ், மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். டீகோட் கையெழுத்த சரிபாக்காது. ஜேடபிள்யூடிங்கிறது, அதாவது உங்க டோக்கன், புள்ளி வெச்சுப் பிரிச்ச மூணு பாகம், நடு பாகம் பூட்டினதே இல்ல, பேஸ்64ல எழுதினது, யார் வேணா பிரிச்சுப் படிக்கலாம், யூசர் ஐடிய மாத்தி திரும்ப எழுதலாம். மாத்தினது தெரியிறது மூணாவது பாகமான கையெழுத்துலதான், அத நீங்க பாக்கவே இல்ல. வெரிஃபைக்கு மாறுங்க, மாறும்போது எந்த அல்காரிதம்னு லிஸ்ட்ட நீங்களே குடுங்க, எச்எஸ்256ன்னா அது மட்டும். டோக்கன்ல என்ன அல்காரிதம் எழுதியிருக்கோ அதையே நம்பி, "நன்" (கையெழுத்தே இல்ல)னு எழுதி வந்ததையெல்லாம் உள்ள விட்ட லைப்ரரிகள் முன்னாடி இருந்திருக்கு. காலாவதி செக்கும் வெரிஃபையே பண்ணிடும்.

பதில் 2:

இவர் சொன்னத முதல்ல செய்ங்க. பிரவுசர்லேந்து அட்மின் பக்கம் எதாவது இருந்தா ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட்டையும் பாத்துக்கோங்க, நிஜ ரிக்வெஸ்ட்டுக்கு முன்னாடி அனுமதி கேட்டுப் போற அந்த ப்ரீஃப்ளைட்ல பிரவுசர் டோக்கன் அனுப்பாது, ஆத் ரிக்வெஸ்ட் அதுக்கும் 401 குடுத்துடும், பக்கம் முழுக்க கார்ஸ் (வேற தளத்துலேந்து கூப்பிடலாமாங்கிற பிரவுசர் விதி) எரரா தெரியும். லொகேஷன்ல மெத்தட் ஆப்ஷன்ஸ்னா ரிட்டர்ன் 204ன்னு போட்டு கார்ஸ் ஹெடர்களையும் அங்கயே சேத்துடுங்க, அது ஆத் செக்குக்கு முன்னாடியே ஓடிடும்.

கேட்டவர்:

மாத்திட்டேன் சார். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ சோதிச்சுப் பாத்தேன், என் டோக்கனோட நடு பாகத்துல யூசர் ஐடிய மட்டும் வேற பையனோடதா மாத்தி அனுப்பினா அவனோட ஆர்டர் லிஸ்ட் அப்படியே வருது, கை நடுங்கிடுச்சு. வெரிஃபை போட்டதும் அதே டோக்கனுக்கு 401. 8080 எல்லா ஐபிலயும் திறந்துதான் கிடந்துச்சு, அதையும் 127.0.0.1க்கு மாத்தியாச்சு. அட்மின் பக்கம் ஒண்ணு இருக்கு, ஆப்ஷன்ஸ் விஷயத்த நாளைக்கு போட்டுட்டு இங்கயே வந்து சொல்றேன்.