ஒரே அளவுகளுக்கு இரண்டு முக்கோணம் பொருந்தும் கணக்கில், இன்னொரு முக்கோணத்தைக் கோட்டைவிட்ட கதை உங்களிடமும் இருக்கிறதா?

நான் மாட்டியது பாலிடெக்னிக் முதல் வருடத்தில். ஒரு கோணம் 30 பாகை, அதன் எதிர்ப்பக்கம் 6 செ.மீ., இன்னொரு பக்கம் 10 செ.மீ., முக்கோணத்தைத் தீர்க்கவும். இவ்வளவுதான் கேள்வி. பக்கங்களும் அவற்றின் எதிர்க்கோணங்களின் சைன்களும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்கிற சைன் சூத்திரத்தில் போட்டேன், 10ஐ 0.5ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 0.8333. கிளார்க்ஸ் டேபிள் என்கிற கணித அட்டவணைப் புத்தகத்தில் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனேன், 56.4 பாகையில் நின்றது. மிச்சக் கோணம் 93.6, மிச்சப் பக்கம் 11.98. அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

பத்துக்கு ஐந்து. போய்க் கேட்டால், "பாதி முக்கோணத்தைத்தானே கண்டுபிடிச்சிருக்க, அதான் பாதி மார்க்" என்றார் சார்.

அப்புறம் அவரே சாக்பீஸ் செருகிய மரக் காம்பஸை எடுத்தார். அடிக்கோடு, அதன் இடது முனையிலிருந்து 30 பாகையில் சாய்வாக 10 அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல்முனையில் காம்பஸின் முள்ளை ஊன்றி, 6 அளவில் வில் வரைந்தார். வில் அடிக்கோட்டை வெட்டியது, கீழே இறங்கி வளைந்து மறுபடியும் மேலே வந்து இன்னொரு இடத்தில் வெட்டியது. இரண்டு வெட்டு, இரண்டு முக்கோணம். நான் விட்டதில் கோணங்கள் 123.6, 26.4, பக்கம் 5.34. மேல்முனையிலிருந்து அடிக்கோட்டுக்கு உயரம் 5. காம்பஸை 5க்கும் குறைவாக விரித்தால் வில் கோட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், சரியாக 5 என்றால் தொட்டுவிட்டுப் போகும், 5க்கும் 10க்கும் இடையில்தான் இந்த வம்பு. 10ஐ எட்டிவிட்டால் மறுபடியும் ஒரே முக்கோணம்தான்.

180இல் 56.4 போனால் 123.6, இரண்டுக்கும் சைன் ஒன்றேதான். ஆனால் சைன் டேபிள் 90 பாகையோடு முடிந்துவிடுவதால் 123.6 என்று ஒன்று இருப்பதே கண்ணில் படாது. கால்குலேட்டரும் அப்படித்தான், சின்னக் கோணத்தை மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

*

பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த மாதிரிக் கணக்கில் நான் சைனைத் தொடவே விடமாட்டேன். மூன்று பக்கங்களையும் ஒரு கோணத்தையும் இணைக்கும் கொசைன் சூத்திரத்தில் தெரியாத பக்கத்தை எக்ஸ் என்று வைத்தால் இருபடிச் சமன்பாடு வந்துவிடும், இரண்டு விடையும் தானாகவே வந்து நிற்கும். உங்கள் 11.98ஐயும் 5.34ஐயும் பெருக்கிப் பாருங்கள், 64 வரும். 10இன் வர்க்கம் 100ல் 6இன் வர்க்கம் 36 போனால் எவ்வளவு?

ஆனால் நானே வழுக்கி விழுந்தது வேறு இடத்தில். பக்கங்கள் 3, 5, 7. மூன்று பக்கமும் தெரியும், குழப்பமே இல்லாத கணக்கு. முதல் கோணம் கொசைனில் 21.8 வந்தது, சோம்பேறித்தனமாக மற்ற இரண்டையும் சைனில் போட்டேன், 38.2, 60. கூட்டினால் 120 பாகை! பலகை முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிறேன், கடைசி பெஞ்சில் ஒரு பெண் சிரிக்கிறாள். 7க்கு எதிரே இருப்பது 60 இல்லை, 120. அன்றிலிருந்து பெரிய பக்கத்தின் கோணத்தைச் சைனில் தேடுவதில்லை.

*

எனக்கு இது மொட்டைமாடியில் டெலஸ்கோப்போடு நடந்தது. வெள்ளி கிரகம் அன்று சூரியனிலிருந்து 30 பாகை விலகி இருந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால் வெள்ளிக்கும் சூரியனுக்கும் சுமார் 0.723. அதாவது பூமியில் 30 பாகைக் கோணம், அதன் எதிர்ப்பக்கம் 0.723. நம்மிடமிருந்து வெள்ளி எவ்வளவு தூரம் என்று துண்டுத்தாளில் போட்டேன், 1.39 வந்தது. டெலஸ்கோப்பில் பார்த்தால் நல்ல பெரிய, மெல்லிய பிறை. அவ்வளவு தூரத்தில் இருந்தால் பிறையாகத் தெரியாதே, முக்கால் நிலாவுக்கு மேல் நிறைந்து, சின்னதாக அல்லவா இருக்கவேண்டும்? தாளைத் திருப்பி மறுபடி போட்டபோதுதான் இரண்டாவது விடை 0.34 கிடைத்தது. வெள்ளி சூரியனுக்கு இந்தப் பக்கம், நமக்குக் கிட்டத்தில் இருந்திருக்கிறது. எந்த முக்கோணம் என்பதைக் கணக்கு சொல்லவில்லை, பிறைதான் சொன்னது. 46 பாகை விலகல் வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடும், மேலே ஒருவர் சொன்ன 'தொட்டுவிட்டுப் போகும்' நிலை அதுதான். செவ்வாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது, அது சூரியனிலிருந்து நம்மைவிடத் தள்ளி இருப்பதால் எதிர்ப்பக்கம் 1ஐவிடப் பெரிது.

*

செவ்வாய் மாதிரிதான் எங்கள் பட்டறை இன்ஜினும். கிராங்க் என்கிற சுழலும் கை திரும்பிய கோணம் தெரியும், கிராங்கின் நீளம் தெரியும், கோணத்துக்கு எதிரே கிராங்கையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராட். ராட் எப்போதும் கிராங்கைவிட நீளம் என்பதால் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒரே விடைதான். பதினைந்து வருஷமாக இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறேன், இது அந்தப் பள்ளிக்கூடத்து முக்கோணம்தான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.