அரைகுறையாக வெள்ளி பூசிய கண்ணாடி பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

அல்சூரில் இருக்கிறோம். மைக்கல்சன், மோர்லி என்ற விஞ்ஞானிகள் 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்த சோதனையின் சின்ன மாதிரியைத் தானே செய்ய வேண்டும் என்று 11ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், எனக்கும் ஆசைதான். ஒலிக்குக் காற்று மாதிரி ஒளிக்கு ஈதர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்தால், நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றும் பூமியில் ஈதர் காற்று வீச வேண்டும், அப்படியானால் ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்துச் செங்குத்தான இரு திசைகளில் அனுப்பித் திரும்பச் சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறித் தெரியும் ஒளிப்பட்டைகள், கருவியைச் சுழற்றினால் நகர வேண்டும். பாதரசத்தில் மிதக்கும் கல் மேல் வைத்துச் சுழற்றினார்கள். எதிர்பார்த்ததில் இருபதில் ஒரு பங்குகூட நகரவில்லை!

எங்களுக்குப் பட்டைகள் தெரிந்தாலே போதும். எஸ்.பி. ரோட்டில் லேசர் வாங்கிவிட்டோம். ஒளியைப் பாதி விட்டுப் பாதி திருப்பும் அந்தக் கண்ணாடிதான் வேண்டும், எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும்? அப்புறம், தெருவில் பஸ் போனாலே மேசை அதிர்கிறது. பலகைக்கு அடியில் காற்றடித்த சைக்கிள் டியூப் வைத்தால் அடங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். யாரிடமாவது கண்ணாடி இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.