1/32 பாண்டம்: வால் பக்க மெட்டல், கேமோ விளிம்பு, இன்டேக் சீம்… எதுல ஆரம்பிக்கிறது?

பசைவிரல்:
வணக்கம் நண்பர்களே. இதுவரைக்கும் 1/72, 1/48 ஸ்கேல் பிளாஸ்டிக் விமான மாடல் மட்டும்தான் கட்டியிருக்கேன், முதல் தடவையா 1/32ல (நிஜத்துல 32ல ஒரு பங்கு) எஃப்-4டி பாண்டம் போர் விமானம் எடுத்திருக்கேன், வியட்நாம் கால மூணு கலர் கேமோ (மறைப்பு வண்ணம்). மூக்குல இருந்து வால் வரைக்கும் கிட்டத்தட்ட 55 சென்டிமீட்டர், மேஜைல வேற எதுக்குமே இடம் இல்ல. காக்பிட் முடிஞ்சிடுச்சு, 36231 கிரே (அமெரிக்க அரசுக் கலர் நம்பர்) அடிச்சு, எண்ணெய்ப் பெயின்ட்ல வாஷ் (பள்ளத்துல தங்குற மாதிரி ரொம்பக் கரைச்ச இருண்ட கலர்) விட்டு, மார்ட்டின் பேக்கர் எஜெக்ஷன் சீட்டுக்கு பெல்ட் எல்லாம் தனியா பண்ணி வெச்சிருக்கேன், அதுல எனக்கு ரொம்ப திருப்தி. பிரச்சனை இனிமேதான். 48ல நான் எப்பவும் பேனல் லைன் (தகடுகளுக்கு நடுவுல இருக்கிற கோடு) மேல முன்கூட்டியே கருப்பு நிழல், அதாவது ப்ரீஷேட், அடிச்சு அதுக்கு மேல கலர் அடிப்பேன், அதே மாதிரி ஒரு பழைய இறக்கைல ட்ரையல் பார்த்தேன், விமானம் மாதிரி இல்ல, தரைக்கு டைல்ஸ் ஒட்டின மாதிரி இருக்கு. அப்புறம் அந்த வால் பக்கம், எக்ஸாஸ்டுக்குப் பின்னாடி பெயின்ட் இல்லாத மெட்டல் பகுதி, போட்டோல ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு நிறமா தெரியுது, நீலம், வைக்கோல் கலர், காபி கலர்னு. அதை எப்படிக் கொண்டு வர்றது? இன்டேக் (இன்ஜினுக்குக் காத்து போற வழி) உள்ள வேற நடுவுல பெரிய சீம் (ரெண்டு பாதி ஒட்டின கோடு), சாண்டிங் பண்ண விரலே போகல. தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவசரப்பட்டுக் கெடுத்துடக் கூடாதுன்னு ரெண்டு வாரமா தொடாம வெச்சிருக்கேன்.

வெள்ளிவால்:
காக்பிட்டை ஒழுங்கா முடிச்சிருக்கீங்க, அதுவே பாதி வேலை. நான் வால் பத்தி மட்டும் சொல்றேன், பாண்டம்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

முதல்ல அந்தப் பகுதி ஏன் அப்படி இருக்குன்னு மனசுல வாங்கிக்கோங்க. ரெண்டு ஜே79 இன்ஜினோட நாசிலும் (புகை வெளியேறுற வாய்) வாலுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடுது, ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருள் எரிக்கிற பகுதி) சூடு முழுக்க பின்னாடி இருக்கிற அந்த அடிப்பகுதியைத் தடவிட்டுத்தான் போகுது. அந்தச் சூட்டைத் தாங்கத்தான் டைட்டானியம் தகடு, அங்க பெயின்ட்டும் நிக்காது. அப்போ நாசிலுக்குப் பக்கத்துல கறை அதிகமா இருக்கணும், தள்ளிப் போகப் போக குறையணும். நிறைய பேர் எல்லாத் தகட்டுலயும் சமமா நீலத்தை அடிச்சு விட்டுடறாங்க, பார்த்த உடனே பொய்யா தெரியும்.

நான் செய்யுற முறை இது. அந்தப் பகுதியை 2000 கிரிட் சாண்ட் பேப்பர்ல தேய்ச்சு மழமழன்னு ஆக்கிட்டு லேக்கர் கிளாஸ் பிளாக் (பளபளப்பான கறுப்பு பெயின்ட்) அடிப்பேன், ஒரு நாள் முழுசா காயணும், கை வெச்சா ஒட்டவே கூடாது, அரைகுறையா காஞ்ச பிளாக் மேல மெட்டல் கலர் அடிச்சா வெடிச்சு சுருங்கிடும், எனக்கு அப்படி ஒரு முழு வால் போயிருக்கு. அதுக்கு மேல அல்க்லாட் (மெட்டல் கலர் பெயின்ட் பிராண்ட்) ஸ்டீல், ஏர்பிரஷ் அழுத்தம் 12ல இருந்து 15 பிஎஸ்ஐக்குள்ள, மூணு நாலு மெல்லிய கோட். அப்புறம் டேப் போட்டு ஒவ்வொரு தகடா மறைச்சு ஒண்ணுக்கு டார்க் அலுமினியம், இன்னொண்ணுக்கு மெக்னீசியம், நாசிலை ஒட்டின தகட்டுக்கு ஜெட் எக்ஸாஸ்ட். டேப்பை ஒட்டறதுக்கு முன்னாடி உள்ளங்கைல ரெண்டு தடவை ஒட்டி எடுங்க, பசை குறையும், இல்லைன்னா மெட்டலையும் சேர்த்து உரிச்சுட்டு வந்துடும்.

சூட்டுக் கறைக்கு டமியா கிளியர் ஆரஞ்சு, ஸ்மோக், கிளியர் ப்ளூ மூணும் போதும், தண்ணி மாதிரி கரைச்சு, முதல்ல ஆரஞ்சும் ஸ்மோக்கும் கலந்து அகலமா, அப்புறம் அதுக்குள்ள சின்னதா நீலம். இரும்பைச் சூடு பண்ணினா வைக்கோல் நிறம் முதல்ல வரும், சூடு ஏற ஏற பழுப்பு, ஊதா, நீலம்னு போகும், அந்த வரிசையை மாத்தாதீங்க. நீலம் எப்பவும் சூடு அதிகமான பக்கம்தான்.

மூணாவது_கோட்:
வெள்ளிவால் அண்ணா சொன்னதுக்கு மேல வால் பத்தி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. ப்ரீஷேட் பத்தி சொல்றேன்.

கணக்குப் போட்டுப் பாருங்க ப்ரோ. நிஜ விமானத்துல ரெண்டு தகட்டுக்கு நடுவுல இடைவெளி ரெண்டு எம்எம்னு வெச்சுக்கிட்டாலும் 32ல வகுத்தா 0.06 எம்எம்தான் வரும். கிட்ல வெட்டியிருக்கிற லைன் ஒரு 0.2 எம்எம் இருந்தாலே நிஜத்துல ஆறு எம்எம் பள்ளம்னு அர்த்தம், ஏற்கெனவே மூணு மடங்கு பெருசு, அதுல கறுப்பை வேற ஊத்தினா டைல்ஸ் மாதிரிதான் ஆகும். அதனால 32ல நான் ப்ரீஷேட்டை விட்டுட்டேன். கருப்பு பிரைமர் மேல மெயின் கலரை ரொம்ப கரைச்சு, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ரெண்டு பங்கு தின்னர், ஏர்பிரஷ் நாசிலை ஒரு சென்டிமீட்டர் தூரத்துல வெச்சு கிறுக்கல் மாதிரி ஒவ்வொரு பேனலுக்கு உள்ளயும் நிரப்பணும், கடைசியா அதே கலரை ஒரு கோட் மேல போட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கணும். பொறுமை வேணும், ஒரு இறக்கைக்கே ஒரு சாயங்காலம் போயிடும், ஆனா பெரிய ஸ்கேல்ல ஒரே நிறம் ரெண்டு கை அகலத்துக்கு வெறுமையா இருந்தா பொம்மை மாதிரி தெரியும், அதைக் காப்பாத்துறது இந்த ஏற்ற இறக்கம்தான். வாஷ் விடும்போது கறுப்பு வேண்டாம், அந்தந்த கலரோட கொஞ்சம் இருண்ட சாயல், பச்சைக்கு கரும்பழுப்பு, அடிப்பக்க 36622க்கு நடுத்தர கிரே.

நம்பர் குழப்பம் இருந்தா: முதல் இலக்கம் 3ன்னா மேட், ரெண்டாவது 0 பழுப்பு, 4 பச்சை, 6 கிரே. உங்களுக்கு வேண்டியது 30219, 34102, 34079, கீழ 36622. வெளிச்சமான 30219 முதல்ல, இருண்ட 34079 கடைசில.

விளிம்பு பத்தி: நிஜத்துல ஸ்ப்ரே கன்ல அடிச்சது, அதனால லேசா மங்கலா இருக்கும், அஞ்சு சென்டிமீட்டர் மங்கல்னா 32ல ஒன்றரை எம்எம்தான். கையால அடிச்சா அவ்வளவு ஒடுக்கமா எல்லா இடத்துலயும் வராது. ப்ளூ டாக்கை (களிமண் மாதிரி ஒட்டுற பொருள்) மெல்லிய கயிறு மாதிரி உருட்டி கோடு மேல வெச்சு, ஏர்பிரஷை நேர் செங்குத்தா பிடிச்சு அடிங்க, சாய்ச்சா ஒரு பக்கம் கூர்மையாயிடும்.

பசைவிரல்:
இவ்வளவு விவரமா எழுதினதுக்கு ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த 0.06 கணக்கு இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்ல. இன்டேக் சீமுக்கு ஏதாவது வழி இருக்கா?

தூசிதட்டி:
இருக்கு தம்பி. ரெண்டு பாதியையும் ஒட்டி நல்லா காய விடு, ஒட்டின இடத்துல பெரிய மேடு பள்ளம் இருந்தா மட்டும் குச்சில சாண்ட் பேப்பர் சுத்தித் தேய். அப்புறம் பின்பக்கத்தை டேப்ல இறுக்கமா அடைச்சுட்டு, சுவருக்கு அடிக்கிற வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்டை கொஞ்சம் தண்ணி கலந்து உள்ள ஊத்து, நாலா பக்கமும் சுத்தி, டேப்பை எடுத்து மீதியை வடிய விடு. நேரா நிக்க வெச்சு காயப் போடு, அடியில தேங்கறதை பஞ்சுல ஒத்தி எடுத்துக்கோ. ரெண்டு மூணு தடவை ஊத்தினா சீம் மறைஞ்சிடும், எப்படியும் உள்ள வெள்ளைதானே வேணும். உடம்போட ஒட்டறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடு, வேற எதையும் அதுக்கு முன்னால தொடாதே.

இன்னொண்ணு, இறக்கை நுனி 12 டிகிரி மேல, வால் இறக்கை 23 டிகிரி கீழ. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி முன்னால நின்னு ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாரு, பாண்டம் கோணலா இருந்தா எவ்வளவு நல்ல பெயின்ட்டும் அதை மறைக்காது. லேக்கர் அடிக்கும்போது ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் போட்டுக்கோ, துணி மாஸ்க் பத்தாது.

பசைவிரல்:
சரிண்ணே, அப்போ முதல்ல இன்டேக். இன்னிக்கு ராத்திரியே ஒட்டி வெச்சுடறேன், ஞாயித்துக்கிழமை முதல் ஊத்து, போட்டோ போடறேன்.