ஒருக்கா குட்டி போட்டாத்தான் ஒப்பரேஷனா? ஆர் சொன்னது?

வெள்ளவத்தைக்காரன்:
நேத்து இந்தக் குழுவில ஒராள் எழுதியிருக்கிறா, றோட்டில இருந்து எடுத்து வளர்க்கிற பெட்டை நாயை ஒருக்கா குட்டி போட விட்டிட்டுத்தான் கருத்தடை செய்யோணுமாம், இல்லாட்டி மூர்க்கமாயிடுமாம். அதுக்கு லைக் வேற குவியுது. இந்தக் கதையை நம்பித்தான் கொழும்பில காலி வீதி (Galle Road) ஒழுங்கையெல்லாம் மழைக்க குட்டிப்பெட்டி கிடக்குது. ஒருக்கா எண்டா எத்தினை குட்டி? ஆர் எடுப்பினம்?

கொட்டாஞ்சேனை ராணி:
அந்த "ஒராள்" நான்தான். பேர் போட்டே எழுதலாமே அண்ணா, என்ன பயம்? அம்மம்மா காலத்துல இருந்து நாய் வளக்குறோம், ஒரு தடவ குட்டி போட்ட நாய்தான் வீட்டோட நிக்கும். மாடி பிளாட்ல இருக்கிறவங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வேணாம்.

வெள்ளவத்தைக்காரன்:
அம்மம்மா பிழையாச் செய்தா பேத்தியும் செய்யோணுமா? ஒப்பரேஷன் செய்யாத நாய்க்கு முலைப் புற்றுநோய் வாற சான்ஸை 100 எண்டு வையுங்க, முதல் ஹீட்டுக்கு (இணைசேர நிக்கிற பருவம்) முன்னம் செய்தா 0.5, ஒரு ஹீட் கழிஞ்சா 8, அதுக்குப் பிறகு 26. 1969ல அமெரிக்காவில செய்த ஆய்வு. கர்ப்பப்பையில சீழ் பிடிச்சுச் சாகிற பெட்டை நாய்களை மிருக வைத்தியரிட்டக் கேட்டுப் பாருங்க.

தெகிவளைத் தம்பி:
அண்ணை, 2012ல பழைய ஆய்வுகளைச் சேத்துப் பாத்தாக்கள், ஒப்பரேஷன் முலைப் புற்றுநோயைக் குறைக்கும் எண்டதுக்குச் சான்று பலவீனம் எண்டுதான் எழுதினவை. 26ஐ வேதவாக்கு மாதிரிச் சொல்லாதேங்கோ.

கொட்டாஞ்சேனை ராணி:
பாத்தீங்களா! பலவீனமாம்!!

தெகிவளைத் தம்பி:
அக்கா, அதுக்காகக் குட்டி போட விடச்சொல்லி அதில இல்ல

கொட்டாஞ்சேனை ராணி:
பலவீனம்னா பலவீனம்தான் தம்பி.

மருதானை மியாவ்:
பூனைக்கும் இதே கதைதானா? எங்க வீட்டுக்கு ஒரு பெட்டைப் பூனைக்குட்டி வருது, முதல்ல விசர் ஊசியா (ரேபிஸ் தடுப்பூசி) ஒப்பரேஷனா?

வெள்ளவத்தைக்காரன்:
பூனை நாலஞ்சு மாசத்திலயே சினைப்படும், ரெண்டு மாசத்தில குட்டி, பிறகு திரும்பவும். "ஒருக்கா" எண்டு ராணி அக்கா சொல்றதுக்குள்ள அது ரெண்டாவதுக்கு நிக்கும். இலங்கையில 2006ல இருந்து கட்டாக்காலி நாயைப் பிடிச்சுக் கொல்றதை நிப்பாட்டியாச்சு, நல்ல விஷயம், அப்ப மிச்சம் இருக்கிறது தடுப்பூசியும் கருத்தடையும்தானே, அதையும் நீங்க குணம் கெட்டிடும் மூர்க்கமாயிடும் எண்டு பயங்காட்டி நிப்பாட்டினா குட்டியெல்லாம் உங்கட வீட்டுக்கா வரப்போகுது, கோயில் வாசல்லயும் மார்க்கெட் பின்பக்கமும்தானே விடப்போறீங்க.

கொட்டாஞ்சேனை ராணி:
நான் விட்டத நீங்க பாத்தீங்களா? போன வருஷம் லிப்ட்ல நாய் ஏத்தக்கூடாதுன்னு இங்கயே சண்டை போட்டது நீங்கதானே? இப்ப என்ன திடீர்னு ஜீவகாருண்யம்?

வெள்ளவத்தைக்காரன்:
அது லிப்ட்டில மூத்திரம் போன நாய். கழுவினது நான். கதையை மாத்தாமப் பதில் சொல்லுங்க, எத்தினை குட்டி?

பழைய உறுப்பினர்:
பிளாட் கமிட்டி ஆக்கள் எல்லா இடத்திலயும் கமிட்டிதான் 😂

தெகிவளைத் தம்பி:
மியாவ் கேட்டதுக்கு ஒருத்தரும் ஒழுங்காப் பதில் சொல்லேல்ல. தங்கச்சி, முதல்ல மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ, வயசைப் பாத்து ஊசித் தேதி தருவார். குட்டி கீறினாலோ கடிச்சாலோ சோப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடன ஆஸ்பத்திரி.

வெள்ளவத்தைக்காரன்:
தம்பி நீர் பலவீனம் எண்டு எடுத்துக் குடுத்தபடியாத்தான் இவ்வளவும்.

தெகிவளைத் தம்பி:
உள்ளதைத்தானே சொன்னனான். உங்களுக்குப் பிடிச்ச நம்பரை மட்டுமோ சொல்லோணும்?

கொட்டாஞ்சேனை ராணி:
அண்ணா வீட்டு நாய் ரெஸ்க்யூ இல்ல, காசு குடுத்து வாங்கின லயன் பொமரேனியன். அதையும் சொல்லுங்க.

வெள்ளவத்தைக்காரன்:
அது மனிசியின்ர நாய். அதுக்கும் ஒப்பரேஷன் செய்தாச்சு, இன்னும் ஒருத்தரையும் கடிக்கேல்ல.

கொட்டாஞ்சேனை ராணி:
பொமரேனியன் கடிச்சா யாருக்குத் தெரியப்போகுது 🙄