ஜாஸ் சிற்றிதழ்: கவிதையில் பாட்டு வரி வந்தால் என்ன செய்வது?

நீலஸ்வரம்:
நியூஜெர்சியில் நானும் நண்பரும் கைக்காசைப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு சிற்றிதழ் நடத்துகிறோம், ஜாஸ் இசை பற்றிய கவிதை, கதை, நேர்காணல் மட்டும்தான். 48 பக்கம், 200 பிரதி. அடுத்த இதழுக்கு வந்த அருமையான கவிதை ஒன்றில் 1950களின் பாட்டிலிருந்து நாலு வரி அப்படியே இருக்கிறது. அச்சுக்கு அனுப்பலாமா?

இரண்டாம்செட்:
வேண்டாம். வரிகளுக்கு இசைப் பதிப்பகத்திடம் எழுதி அனுமதி கேட்க வேண்டும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வரவே வராது. வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு முடிந்த பாட்டு என்றால் அமெரிக்காவில் பிரச்சினை இல்லை. தலைப்பை மட்டும் சொன்னால் தப்பில்லை, அதற்குக் காப்புரிமை கிடையாது. 1996ல் பென்சில்வேனியாவின் லைகோமிங் கல்லூரியில் தொடங்கிய ஜாஸ் இலக்கிய இதழின் பெயரே பிரில்லியண்ட் கார்னர்ஸ், ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ஆல்பத்தின் தலைப்பு!

பின்னடிப்பவன்:
கவிஞரிடமே மாற்றித் தரச் சொல்லுங்கள், ஆனால் நீளம் கூடாமல். தாள்களை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் இதழில், ஒரு தாளுக்கு நாலு பக்கம் என்பதால், பக்கங்கள் நாலு நாலாகத்தான் ஏறும். எங்களுக்கு ஒருமுறை இரண்டே வரி வழிந்து 48 பக்கம் 52 ஆனது, மிச்ச இடத்தில் என் மாமா எடுத்த மங்கலான டிரம்ஸ் படத்தைப் போட்டு ஒப்பேற்றினோம்.

நீலஸ்வரம்:
நன்றி. கவிஞருக்கு இப்போதே எழுதுகிறேன், கோபப்படுவார் என்றுதான் தோன்றுகிறது. அப்புறம், அந்த டிரம்ஸ் படம் இன்னும் இருக்கிறதா?